உத்தரவு போட முடியாத சங்கம்

ஆண்டுக்கு ஒரு முறை கூடுவது, தலைவரைத் தேர்ந்தெடுப்பது, வந்த கடிதங்களை வாசிப்பது, தீர்மானங்களை மினிட்ஸில் எழுதுவது, வயிறாரச் சாப்பிடுவது, அடுத்த கூட்டம் எங்கே எப்போது என்று பேசி முடித்துவிட்டுக் கலைவது. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் யாருக்கும் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. ஏறக்குறைய இதே நிகழ்ச்சி நிரலை, இருநூறு வருஷங்களுக்கு முன்னால், அமெரிக்காவின் மேற்கு எல்லைக் காடுகளில் மரக்கட்டை வீடு கட்டிக் குடியிருந்த விவசாயிகள் வருஷம் தவறாமல் நடத்தி வந்தார்கள். பாப்டிஸ்ட் சபைகளின் சங்கக் கூட்டம் என்று அதற்குப் பெயர். அதில் ஒரு விசேஷம் உண்டு. எந்தச் சபையையும் பார்த்து 'இதைச் செய்' என்று உத்தரவு போட அந்தச் சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது. அப்படிப்பட்ட சங்கம் எப்படி நடந்தது, இல்லாத அதிகாரத்தை எதற்கெல்லாம் பயன்படுத்திக் கொண்டது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பாப்டிஸ்டுகள் யார் என்று இரண்டு வரி. குழந்தைகளுக்கு அவர்கள் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. ஒருவர் தன் விசுவாசத்தைத் தானே வாய்விட்டு அறிக்கை செய்த பிறகுதான் ஞானஸ்நானம், அதுவும் தண்ணீரில் முழுதாக மூழ்கி. இரண்டாவது, நம் கதைக்கு முக்கியமானது: ஒவ்வொரு சபையும் தனிக்காட்டு ராஜா. மேலே பிஷப் கிடையாது. போதகரைத் தேர்ந்தெடுப்பதும் சபை, வேண்டாமென்று அனுப்புவதும் சபை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் சிக்கல்கள் வரும். பிரசங்கியார் என்று சொல்லிக் கொண்டு குதிரையில் வந்து இறங்குகிறவர் நிஜமா, போலியா? பக்கத்து ஊர்ச் சபையில் குடித்துவிட்டுச் சண்டை போட்டு விலக்கப்பட்டவர் இங்கே வந்து நல்ல பிள்ளையாகச் சேர்ந்துவிட்டால்? இதற்கெல்லாம் யாரைக் கேட்பது? 1707-ல் பிலடெல்பியா சுற்றுவட்டாரத்தில் ஐந்து சபைகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. அமெரிக்காவில் அதுதான் முதல். 1749-ல் பெஞ்சமின் கிரிஃபித் என்பவர் இந்தச் சங்கத்துக்காக ஒரு விளக்கம் எழுதினார். சங்கம் சபைகளுக்கு மேலான நீதிமன்றம் ஆகாது. ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். ஆனால் ஒரு சபை தவறான வழியில் போனால் மற்ற சபைகள் அதனோடு உறவை முறித்துக் கொள்ளலாம். இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

தெற்கே, வட கரோலினாவில் ஷூபல் ஸ்டெர்ன்ஸ் என்ற பிரசங்கியார் 1755-ல் 16 பேரோடு சாண்டி கிரீக் சபையைத் தொடங்கினார். கொஞ்ச காலத்திலேயே அது 606 பேராக வளர்ந்தது. 1758-ல் அதைச் சுற்றி ஒரு சங்கமும் உருவானது. இவர்கள் வழக்கம் இன்னும் விசித்திரம். எதுவானாலும் எல்லோரும் ஒருமனதாகச் சொன்னால்தான் முடிவு. ஒருத்தர் தலையாட்டாவிட்டால் எல்லோரும் ஜெபத்தில் உட்கார வேண்டியதுதான். 1770 கூட்டத்தில் உபவாசம் இருந்தும், ஜெபம் பண்ணியும், கூட்டத்தை நடத்தும் மாடரேட்டர் யார் என்பதில்கூட உடன்பாடு வரவில்லை. கடைசியில் ஒருமனதாக முடிவு செய்ய முடிந்த ஒரே விஷயம், மூன்றாகப் பிரிந்து போவது! வர்ஜீனியா ஒன்று, வட கரோலினா ஒன்று, தென் கரோலினா ஒன்று. அடுத்த வருஷம் அந்தப் பக்கம் கவர்னரின் படைக்கும் விவசாயிகளுக்கும் அலமான்ஸ் என்ற இடத்தில் மோதல் நடந்து, குடும்பம் குடும்பமாக ஜனங்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். 606 பேர் இருந்த சாண்டி கிரீக் சபையில் மிஞ்சியது 14 பேர். போனவர்கள் பலர் மலை தாண்டி மேற்கே போனார்கள். சங்கம் கூடும் பழக்கத்தையும் கூடவே எடுத்துக் கொண்டு போனார்கள்.

கென்டக்கிக்கு வந்தவர்களில் லூயிஸ் கிரெய்க் என்பவரின் கதை பிரசித்தம். அரசாங்கத் திருச்சபையின் அனுமதி இல்லாமல் பிரசங்கம் செய்தார் என்று 1768-ல் வர்ஜீனியாவில் சிறையில் போடப்பட்டவர். 1781-ல் தன் சபையோடு, சபையைச் சேராதவர்களும் சேர்ந்து, ஐந்நூறு அறுநூறு பேராகக் கம்பர்லாந்து கணவாய் வழியே மலை தாண்டினார். பயணம் போகும் சபை என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. கென்டக்கி அப்போது மாநிலமாகக்கூட ஆகவில்லை. செவ்விந்தியர்களின் வேட்டை நிலத்தில் வெள்ளையர்கள் குடியேறிக் கொண்டிருந்த காலம். இரண்டு தரப்பிலும் உயிர்கள் போய்க் கொண்டிருந்தன. அந்த நிலைமையிலும் 1785-ல் ஆறு சபைகள் கூடி எல்க்ஹார்ன் சங்கத்தை ஆரம்பித்தன. அந்தச் சங்கத்தின் மினிட்ஸ் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1931-ல் வில்லியம் வாரன் ஸ்வீட் என்ற சரித்திரப் பேராசிரியர் அதை அச்சில் கொண்டு வந்தார்.

இந்தக் கூட்டம் எப்படி நடக்கும்?

மக்காச்சோளத்துக்குக் கடைசிக் களை எடுத்து முடித்து அறுவடைக்குக் காத்திருக்கும் நாட்கள், ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை. ஒவ்வொரு சபையும் இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். இவர்களுக்குப் 'பிரதிநிதி' என்று பெயர் வைக்கமாட்டார்கள். 'தூதர்' என்பார்கள். பிரதிநிதி என்றால் சபையின் அதிகாரம் அவர் கைக்குப் போய்விடும். தூதர் செய்தி கொண்டு போவார், செய்தி கொண்டு வருவார், அவ்வளவே. வார்த்தையில்கூட எவ்வளவு ஜாக்கிரதை பாருங்கள்! தூதர் கையில் சபையின் கடிதம் இருக்கும். குதிரையில் ஒரு நாள், இரண்டு நாள் பயணம். போகிற ஊர்ச் சபைக்காரர்கள்தான் எல்லோருக்கும் சாப்பாடு போட்டுப் படுக்க இடம் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு அறையுள்ள வீட்டில் இருபது பேர் தங்கினால் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். வைக்கோல் பரப்பிய தரை, கொட்டகை, குதிரை லாயத்து மேல்தளம் என்று கிடைத்த இடத்தில் படுப்பார்கள். இந்த உபசாரத்துக்காகவே சில குடும்பங்கள் மாதக்கணக்கில் பன்றியும் கோழியும் வளர்த்து வைக்கும்.

முதல் நாள் போன வருஷமே நியமித்து வைத்த போதகர் தொடக்கப் பிரசங்கம் செய்வார். பிறகு கடிதங்கள் வாசிக்கப்படும், தூதர்களின் பெயர்கள் பதிவாகும். மாடரேட்டரும் கிளார்க்கும் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். புதிய சபை சேர வந்தால் அதன் தூதர்களை விசாரித்துவிட்டு மாடரேட்டர் வலது கை கொடுப்பார். 'ஐக்கியத்தின் வலது கை' என்று பெயர். ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணம், சந்தா ரசீது எல்லாம் கிடையாது. அந்தக் கைகுலுக்கல்தான் உறுப்பினர் அட்டை.

கூட்ட ஒழுங்குக்கு எழுதி வைத்த விதிகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். எழுந்து நின்று மாடரேட்டரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். ஒரே விஷயத்தில் அனுமதி இல்லாமல் மூன்று தடவைக்கு மேல் பேசக்கூடாது. ஒருவர் பேசும்போது குசுகுசுவென்று பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. அனுமதி இல்லாமல் எழுந்து போகக்கூடாது. ஒருவரை ஒருவர் 'சகோதரர்' என்றுதான் அழைக்க வேண்டும். எழுதப் படிக்கத் தடுமாறுகிறவர்கள் பாதிப் பேர் இருந்த இடத்தில் இந்த விதிகள்! ஓட்டுப் போடுவது, தீர்மானம் கொண்டு வருவது, தோற்றுப் போனால் பேசாமல் உட்காருவது என்ற பயிற்சியெல்லாம் எல்லைப்புறத்து ஏழை விவசாயிக்கு முதலில் கிடைத்தது சட்டமன்றத்தில் அல்ல, இந்த மாதிரிக் கூட்டங்களில்தான் என்பது என் அபிப்பிராயம்.

உள்ளே தூதர்கள் பேசிக் கொண்டிருக்கும்போது வெளியே மரத்தடியில் மேடை போட்டு வேறு போதகர்கள் பிரசங்கம் செய்து கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கேட்கவே வேண்டாம். சுற்று வட்டாரமே திரண்டு வந்துவிடும். பல மாதமாக அண்டை வீட்டு முகம்கூடப் பார்க்காதவர்களுக்கு அது திருவிழா. மாப்பிள்ளை பார்ப்பது, குதிரை மாற்றுவது, ஊர் வம்பு எல்லாம் உண்டு. ஓரமாக வண்டியை நிறுத்தி விஸ்கி விற்க வந்தவர்களோடு சங்கங்கள் படாத பாடு பட்டன.

கடிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கடிதத்திலும் எண்ணிக்கைகள் இருக்கும்: இந்த வருஷம் ஞானஸ்நானம் பெற்றவர்கள், வேறு சபையிலிருந்து கடிதத்தோடு வந்து சேர்ந்தவர்கள், கடிதம் வாங்கிக் கொண்டு போனவர்கள், விலக்கப்பட்டவர்கள், திரும்பச் சேர்த்துக் கொள்ளப்பட்டவர்கள், இறந்தவர்கள், மொத்தம். கிளார்க் இதையெல்லாம் அட்டவணையாக்கி மினிட்ஸின் கடைசியில் சேர்ப்பார். இஞ்சினியர் புத்தி, அட்டவணையைக் கண்டால் கூட்டிப் பார்க்காமல் விடாது. அந்தக் காலத்து எல்லைப்புறத்தில் மனிதர்கள் எப்படி இடம் மாறிக் கொண்டே இருந்தார்கள் என்பதற்கு இந்த 'வந்தவர்கள்', 'போனவர்கள்' பத்திகளைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 1800-க்குப் பிறகு கென்டக்கியில் பெரிய எழுப்புதல் நடந்தபோது, 1801 கூட்டத்தில் எல்க்ஹார்ன் சங்கம் ஒரே வருஷத்தில் ஏறக்குறைய 3000 பேர் ஞானஸ்நானம் பெற்றதாகப் பதிவு செய்தது.

இந்த அட்டவணைகளின் மேல் ஒருத்தருக்குப் பைத்தியமே பிடித்தது. ஜான் ஆஸ்ப்லண்ட், ஸ்வீடனில் பிறந்தவர். நாடு முழுவதிலும் எத்தனை பாப்டிஸ்ட் சபை, எத்தனை உறுப்பினர் என்று கணக்கெடுக்கக் கிளம்பி, ஒன்றரை வருஷத்தில் சுமார் 7000 மைல் சுற்றினார், பெரும்பாலும் நடந்தே. 1790 வரைக்குமான அவரது பதிவேட்டின்படி 35 சங்கங்கள், ஏறக்குறைய 65,000 உறுப்பினர்கள். தபால் சரியாகப் போகாத தேசத்தில் இந்தக் கணக்கு கிடைத்ததற்குக் காரணம், ஆண்டுக்கொரு தடவை எல்லாச் சபைகளும் கடிதத்தோடு ஓரிடத்துக்கு வந்து சேர்ந்ததுதான்.

அடுத்தது வினாக்கள். சபையில் தீராத சந்தேகத்தைக் கடிதத்தில் எழுதி அனுப்பலாம். ஒருவர் காலை ஒருவர் கழுவும் சடங்கு அவசியமா? ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்ந்தவரைச் சபையில் வைத்துக் கொள்ளலாமா? பல சங்கங்களில் வந்த ஒரு வினா படிக்கும்போது நெஞ்சை அடைக்கும். ஓர் அடிமையின் மனைவியை எஜமான் தூர தேசத்துக்கு விற்றுவிட்டால், அந்தக் கணவன் மறுமணம் செய்து கொள்ளலாமா, கூடாதா? விற்றது தப்பா என்று வினா கேட்கவில்லை, கவனித்தீர்களா!

பதில்கள் எல்லாம் ஆலோசனைதான். கேட்காவிட்டால் என்ன ஆகும்? இங்கேதான் நான் ஞாபகம் வைக்கச் சொன்ன வாக்கியம் வருகிறது. சங்கத்தால் ஒரு சபையைக் கலைக்க முடியாது, அபராதம் போட முடியாது. கொடுத்த வலது கையைத் திரும்ப எடுத்துக் கொள்ள முடியும். அப்படி எடுத்துக் கொண்டால் அந்தச் சபையின் போதகரை மற்றவர்கள் மேடையில் ஏற்றமாட்டார்கள், அது கொடுக்கும் கடிதத்தை யாரும் மதிக்கமாட்டார்கள், அட்டவணையில் அதன் பெயர் வராது. காட்டுக்குள் தனியாக இருக்கிறவர்களுக்கு இது சாதாரணத் தண்டனையா? ஜேம்ஸ் கர்ராட் என்று ஒருவர். பாப்டிஸ்ட் பிரசங்கியார், 1796-லிருந்து 1804 வரை கென்டக்கியின் கவர்னரும்கூட. திரித்துவத்தைப் பற்றி அவருக்கும் அவருடைய கூப்பர்ஸ் ரன் சபைக்கும் வேறு கருத்து வந்தது. 1803-ல் எல்க்ஹார்ன் சங்கம் அந்தச் சபையைக் கைகழுவிவிட்டது. பதவியில் இருக்கும் கவர்னர் ஆயிற்றே என்று யாரும் தயங்கவில்லை.

இன்னொரு சண்டையின் ஒரு நுனி நம் நாட்டில் இருக்கிறது. 1812-ல் அமெரிக்காவிலிருந்து மிஷனரிகளாகப் புறப்பட்ட அடோனிராம் ஜட்சனும் லூதர் ரைஸும் கல்கத்தாவில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்று பாப்டிஸ்டுகள் ஆனார்கள். ஜட்சன் 1813-ல் நம்ம மெட்ராஸ் வழியாக ரங்கூன் போய்ச் சேர்ந்தார். ரைஸ் பணம் திரட்ட அமெரிக்கா திரும்பினார். பணம் கேட்கச் சரியான இடம் எது? சங்கக் கூட்டம்தான்! எல்லாச் சபையும் ஒரே இடத்தில் கிடைக்குமே. குதிரையில் சங்கம் சங்கமாகச் சுற்றினார். 1815-ல் எல்க்ஹார்ன் கூட்டத்தில் அவர் வசூல் செய்ததைப் பார்த்துக் கொண்டிருந்த ஜான் டெய்லர் என்ற பழைய கென்டக்கிப் போதகருக்கு எரிச்சல். பாவமன்னிப்புச் சீட்டு விற்ற டெட்சலோடு ரைஸை ஒப்பிட்டுப் பின்னால் புத்தகமே எழுதினார். மிஷன் வேலையை எதிர்ப்பது வெறும் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. கிழக்கே நகரத்தில் உட்கார்ந்திருக்கும் சொசைட்டி நம் பணத்தை வாங்கிக் கொண்டு நாளைக்கு நமக்கே உத்தரவு போடுமே என்ற பயம் அதில் இருந்தது. 1827-ல் வட கரோலினாவின் கெஹுகீ சங்கம் மிஷன் சொசைட்டிகளோடு எந்த உறவும் வேண்டாம் என்று அறிவித்தது. அதன் பிறகு சங்கம் சங்கமாக உடைந்தது. ஒஹையோவில் மஹோனிங் சங்கம் இன்னும் ஒரு படி மேலே போய், இப்படிப்பட்ட சங்கத்துக்கு வேதத்தில் ஆதாரமே இல்லை என்று 1830-ல் தன்னையே கலைத்துக் கொண்டது. வருஷா வருஷம் கூடுவதை மட்டும் விடவில்லை!

காலவரிசையை மீறி நான் கடைசிக்கு ஒதுக்கி வைத்தது அடிமைமுறை விஷயம். ஏனென்றால் 'எங்களுக்கு அதிகாரம் இல்லை' என்ற பேச்சின் உண்மையான எடை அங்கேதான் தெரிகிறது.

கென்டக்கிச் சபைகளில் வெள்ளையரோடு கறுப்பின அடிமைகளும் உறுப்பினர்கள். அவர்களுக்கும் அதே தண்ணீரில்தான் ஞானஸ்நானம், அதே அட்டவணையில்தான் எண்ணிக்கை. கிரெய்க் குடும்பத்தோடு மலை தாண்டி வந்தவர்களில் பீட்டர் டரெட் என்ற அடிமை ஒருவர். 'கேப்டன்' என்று அழைப்பார்கள். அவர் லெக்ஸிங்டனில் தன் ஜனங்களுக்குப் பிரசங்கம் செய்து, 1790-ஐ ஒட்டி ஒரு சபையையே சேர்த்துவிட்டார். தன்னைப் போதகராக அபிஷேகம் செய்யும்படி சங்கத்துப் பெரியவர்களிடம் கேட்டார். அவர் அடிமை என்பதால் முறைப்படி அபிஷேகம் செய்வது சரியல்ல என்று முடிவு செய்தார்கள். ஆனால் வலது கை கொடுத்து, போய் உன் வேலையைச் செய் என்று வாழ்த்தி அனுப்பினார்கள். அந்தச் சபை பின்னால் கென்டக்கியின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றானது.

1791-ல் கென்டக்கி மாநிலமாவதற்கு அரசியல் சட்டம் எழுத ஏற்பாடு நடந்தது. எல்க்ஹார்ன் சங்கம் அடிமைமுறைக்கு எதிராக ஒரு விண்ணப்பம் தயாரிக்கக் கமிட்டி போட்டது. நாம் மேலே பார்த்த கர்ராட் அந்தக் கமிட்டியில் இருந்தார். விண்ணப்பத்தைச் சங்கம் ஏற்றுக் கொண்டது. சபைகளுக்குச் செய்தி போனது. அடிமை வைத்திருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? சில மாதத்துக்குள்ளேயே மறுபடி கூடி, அந்த விண்ணப்பத்தை ஏற்கவில்லை என்று எழுதிவிட்டார்கள். 1792-ல் வந்த அரசியல் சட்டம் அடிமைமுறைக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. 1805-ல் எல்க்ஹார்ன் ஒரேயடியாகக் கதவைச் சாத்தியது: அடிமைகளின் விடுதலை போன்ற அரசியல் விஷயங்களில் போதகர்களோ சபைகளோ சங்கங்களோ தலையிடுவது முறையல்ல என்று தீர்மானம்.

சரி, அதிகாரம் இல்லாத சங்கம், அதனால் தலையிடவில்லை என்று விட்டுவிடலாமா? அடுத்த வருஷமே நடந்ததைப் பாருங்கள். டேவிட் பாரோ என்ற போதகர், வர்ஜீனியாவில் 1784-லேயே தன் அடிமைகளை விடுவித்தவர். அடிமை இல்லாமல் அங்கே விவசாயம் செய்து பிழைக்க முடியவில்லை என்று 1798-ல் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி வைத்துவிட்டுக் கென்டக்கி வந்தார். இங்கேயும் மேடையில் விடுதலையைப் பேசினார். 1806-ல் நார்த் டிஸ்ட்ரிக்ட் சங்கம் அவரை விலக்கியது. ஆள் விற்கிறவரிடமிருந்து கையை எடுத்துக் கொள்ள அதிகாரம் இல்லாத சங்கத்துக்கு, ஆள் விற்பது பாவம் என்று சொன்னவரிடமிருந்து எடுத்துக் கொள்ள மட்டும் அதிகாரம் வந்துவிட்டது! மறு வருஷம் அந்தத் தீர்மானத்தை ரத்து செய்தார்கள்; அதற்குள் பாரோ போய்விட்டார்.

அவரும் கார்ட்டர் டாரன்ட் முதலானவர்களும் 1807-ல் தனியாக ஒரு சங்கம் அமைத்தார்கள். 'மனிதகுலத்தின் நண்பர்கள்' என்று பெயர். அடிமை வைத்திருப்பவர்களுக்கு அதில் பொதுவாக இடமில்லை. மற்றபடி எல்லாம் பழைய ஏற்பாடுதான்: கடிதம், தூதர், மாடரேட்டர், மினிட்ஸ். கென்டக்கியில் அது வளரவில்லை. பாரோ 1819-ல் இறந்தார். அதைச் சுற்றிய காலத்திலேயே சங்கமும் மங்கிப் போனது.

ஆனால் விதை ஒஹையோ நதியைத் தாண்டியிருந்தது. இல்லினாயில் 1807-ல் உருவான சங்கத்தில் ஜேம்ஸ் லெமென் என்ற முதியவர், 1809-ல், அடிமைமுறையை ஆதரிப்பவர்களோடு இனி ஐக்கியம் இல்லை என்று எழுந்து சொல்லிவிட்டார். சங்கம் உடைந்தது. அந்த டிசம்பரில் அவரும் குடும்பத்தாரும் ஒரு சில பேரும் சேர்ந்து பெத்தேல் என்ற சிறு சபையைத் தொடங்கினார்கள். கையைத் திரும்ப எடுத்துக் கொள்ளும் அதே ஆயுதம்தான், இந்தத் தடவை எதிர்ப்பக்கத்திலிருந்து. இங்கே 'மனிதகுலத்தின் நண்பர்கள்' நிலைத்தார்கள். வருஷா வருஷம் கூடினார்கள். லெமெனின் பிள்ளைகள் போதகர்களாக ஊர் ஊராகப் போனார்கள். லெமென் 1823-ன் தொடக்கத்தில் இறந்தார். அப்போது இல்லினாயின் அரசியல் சட்டத்தைத் திருத்தி அடிமைமுறையைக் கொண்டுவர ஒரு கூட்டம் மும்முரமாக இருந்தது. மாநாடு கூட்டலாமா வேண்டாமா என்று ஜனங்களிடமே கேட்டார்கள். ஒன்றரை வருஷம் கடும் பிரசாரம். இந்தச் சபைகள் அடிமைமுறைக்கு எதிராக நின்றன. 1824 ஆகஸ்ட் 2-ந் தேதி ஓட்டெடுப்பு. மாநாடு வேண்டும் என்றவர்கள் 4,972 பேர். வேண்டாம் என்றவர்கள் 6,640 பேர்.